அக்கா வாலைப் பிடித்த கதை

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்பு மாற்ற ஸ்டூலில்கூட ஏறமாட்டாள். பகலெல்லாம் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவள், வீட்டுக்கு வந்தால் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். அவளுக்கு வாய்த்தவரோ கார் ஷெட்டில் விமானம் கட்டிய மனிதர். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாட்களில் பறக்கக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அத்தான் அவளைச் சீண்டாத நாள் இல்லை.

ஆனாலும் வால் மடலின் கீல் வேலையை அவளிடம்தான் கொடுத்தார். விமானத்தின் மூக்கு ஏறுவதும் இறங்குவதும் அந்த மடலின் கையில். அது நான்கு கீல்களில் ஆடும். ஒவ்வொரு கீலின் ஓட்டைக்குள்ளும் புஷ் என்கிற ஒரு சின்னப் பித்தளைக் குழாய், அதற்குள் போல்ட். புஷ்களை அக்கா லேத்தில் கடைந்து பொருத்தினாள். மடலைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை.

"புஷ் ரெண்டு பக்கமும் மயிரிழை நீட்டிக்கிட்டு இருக்கணும்டா. அப்பதான் நட்டை முறுக்குனா அது புஷ்ஷை மட்டும் இறுக்கும். மடல் அதுமேல தாராளமா ஆடும். ஆனா போல்ட் அசையவே கூடாது."

"அசைஞ்சா?"

"நட்டு கழண்டுடும். மேல போனப்புறம் யாருடா ஏறிப் போய் முறுக்குறது?"

நான் மடலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சோதனைப் பறத்தல்கள் நல்லபடியாக முடிந்தன. ஒவ்வொரு முறையும் அக்கா புல்தரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "பக்கத்து சீட்டு சும்மாதானே கிடக்குது, வாயேன்" என்று அத்தான் கூப்பிடுவார். "என்னைக் கொன்னாலும் மாட்டேன்" என்பாள்.

பிறகு அத்தானுக்கு வாலின் நிறம் பிடிக்காமல் போனது. தானே மடலைக் கழற்றிச் சிவப்பு பெயின்ட் அடித்து மாட்டினார்.

அதன் பிறகு முதன்முறை பறக்கக் கிளம்பிய காலை, எஞ்சினைப் போட்டு, உள்ளிருந்தபடி மடலை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெண்ணெயாக ஆடியது. விசிறிக் காற்றில் முடி பறக்க, அக்கா வழக்கம்போல, ஆடிக்கொண்டிருந்த மடலின் முதல் போல்ட்டின் தலையில் விரல் வைத்தாள். அடுத்ததிலும் வைத்தாள். கத்தினாள், எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. விமானம் நகரப் போவதைக் கண்டதும் இரண்டு கைகளாலும் வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கவாட்டில் ஓடிப்போய்க் கைகளை ஆட்டினேன். எஞ்சின் அடங்கியது.

"என்னம்மா, மறுபடியும் பேயா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் அத்தான்.

"போல்ட் மடலோட சேர்ந்து சுத்துதுங்க. நான் இறுக்குன மாதிரி நட்டை இறுக்கலையா?"

சிரிப்பு நின்றது. "பெயின்ட் அடிக்கிறப்ப புஷ் துருத்திக்கிட்டு அசிங்கமா தெரிஞ்சுது. அரத்தால ராவி மட்டமாக்கினேன். மாட்டுனா மடல் இறுகிப்போச்சு. அதான் நட்டைக் கொஞ்சம்..."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி! எனக்கு வந்த ஆத்திரத்தில், "செத்துப் போயிருப்பீங்க அத்தான்!" என்று கத்திவிட்டேன். அக்கா கத்தவில்லை. புல்லில் உட்கார்ந்தாள்.

"வேற புஷ் கடைஞ்சு போடுறேன். ஆனா அடுத்த தடவை நானும் ஏறுவேன்."

"நீயா? நீ எதுக்கு?"

"நான் உள்ள இருந்தாதான் உங்களுக்குப் பயம் வரும்."

சொன்னபடியே புதுப் புஷ்களைப் போட்டுவிட்டு, அடுத்த தடவை அவளும் ஏறினாள். கண்களை இறுக மூடி, பெல்ட்டைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போக உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்காகப் பயந்தது போதாதென்று இப்போது எனக்கு இரண்டு பேர்.

அத்தான் எஞ்சினைப் போட்டார். பக்கத்தில் திரும்பி அவளைப் பார்த்தார். உடனே அணைத்துவிட்டு இறங்கினார். வாலருகே மண்டியிட்டு, முதல் போல்ட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னை மடலை ஆட்டச் சொன்னார். நான்கையும் பார்த்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை ஆட்டு மச்சான்" என்றார். போல்ட் அசையவில்லை, அவர் விரல்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.