சேகர் மாமாவின் பாலில்லாத பிஸ்கட் கேக்

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் கோகோவின் கசப்பும் டப்பாப் பாலின் தித்திப்பும் கலந்த குளிர்ந்த வாசம் முகத்தில் வந்து மோதும். அந்த ஒரு நொடிக்காகவே கே.கே. நகர் வீட்டில் நானும் தம்பி முரளியும் அம்மாவுக்குத் தெரியாமல் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடுவோம். பிஸ்கட்டைப் பொடித்து, டப்பாப் பாலும் வெண்ணெயும் கோகோவும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் அழுத்திக் குளிரவைத்தால் அதுதான் எங்கள் "பிஸ்கட் கேக்". அதில் முரளிக்கு வாசம் மட்டுமே பங்கு. கைக்குழந்தையிலிருந்தே பால் பட்டால் அவனுக்கு உடம்பு தடித்துவிடும் என்பதால், அம்மா அவனுக்குக் கடலைமிட்டாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள்.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். "பால் ஒத்துக்காத புள்ளையா? எந்த ஊர்ல?" என்பார்கள். அம்மாவின் தம்பி சேகர் மாமாவும் அப்படித்தான். காளவாசலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவர், முரளி மேல் உயிரையே வைத்திருந்தார். என் பிறந்தநாளன்று அம்மா அடுப்படியில் இருந்த நேரத்தில், "ஆம்பளப் புள்ள பால் சேக்காம எப்புடி மாப்ள வளருவ? எல்லாம் பழக்கந்தேன்" என்று ஒரு துண்டை அவன் வாயில் வைத்தார். முரளி கண்ணை மூடி ரசித்துத் தின்றான்.

முதலில் உதடு தடித்தது. "சாக்லேட்டு அப்பியிருக்கு" என்று மாமா சிரித்துக்கொண்டே துடைத்தார். துடைத்த விரலுக்கடியிலேயே அது வீங்கிக்கொண்டு போனது. கண்கள் இரண்டும் மூடிக்கொண்டன. தொண்டையிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. என் எதிரில் இருந்தது என் தம்பியின் முகமாகவே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மாமா அவனை அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் தெருமுனைக் கிளினிக்குக்கு ஓடினார். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா புள்ளை இல்லை" என்றார் டாக்டர். மாமா சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு பல வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய்களோடும் ஒரு ரஸ்க் பொட்டலத்தோடும் வாசலில் வந்து நின்றார்.

"இதுல பால் இல்லக்கா. பேக்கரியில என்னென்ன போடுறாகன்னு நின்னு பாத்துத்தேன் வாங்கியாந்தேன்."

"வாசல்ல நிக்காத, உள்ள வா" என்றாள் அம்மா.

வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர் பிஸ்கட்டுக்குப் பதில் ரஸ்க்கைப் பொடித்து, தேங்காய் துருவினார். வெண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் விட்ட முதல் கேக்கை நாய்கூட முகரவில்லை. அடுத்தது இறுகாமல் கூழாகவே நின்றது. தேங்காய்ப்பாலைச் சர்க்கரையோடு வற்றக் காய்ச்சி, கோகோவோடு கொஞ்சம் தேங்காயெண்ணெயும் சேர்த்தபோதுதான் துண்டு போட வந்தது.

தட்டைப் பார்த்ததும் முரளி அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தான். மாமா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, வாசல்படியில் போய் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு துண்டு தின்றேன். முரளி நெடுநேரம் என் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்து ஊட்டச் சொன்னான். தின்று முடித்ததும், "மாமா, இன்னொண்ணு" என்றான். மாமா திரும்பவில்லை; தோள்கள் மட்டும் குலுங்கின.

மாமா இப்போது இல்லை. கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. முரளிக்கு இன்றும் பால் ஆகாது. போன வாரம் அவன் மகளின் பிறந்தநாளுக்கு அதே கேக்கைச் செய்ய, காளவாசலில் ஒரு பேக்கரியில் ரஸ்க் கேட்டேன். பில் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீட்டுல பால் ஒத்துக்காதவங்க யாரும் இருக்காங்களாக்கா? இருந்தா இது வேணாம், பால் சேக்காதது வீகன்னு தனியா இருக்கு" என்றாள்.

எங்களிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதே இல்லை. "இருக்காங்க" என்று சொல்லி, அந்த வீகன் பொட்டலத்தில் இரண்டு வாங்கினேன்.