மூணாங்கட்டை கேட்டின் இரண்டாவது ஆள்

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில், மூணாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்து ரோட்டை ரயில் பாதை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு கேட் இருக்கிறது. கேட்டை ஒட்டினாற்போல் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடு. அந்த வீட்டுக்கு ராக்காயி குடிவந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது.

அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் கொழுந்துக்கூடை மாட்டியவள் அவள். அவளைக் கட்டிய சிவசாமியின் அப்பா ரயில் பாதை திருத்துகிற கூலியாட்களில் ஒருவர். தோட்டத்து ஆட்கள் பலருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமை அவருக்கு அந்தக் காலத்திலேயே கிடைத்துவிட்டதால் மகனுக்கு அரசாங்க வேலைக்குத் தடை எதுவும் இருக்கவில்லை. கேட் காவலர் வேலை நிரந்தரமானதும் கேட்டடி வீடு கிடைத்தது. மாதச் சம்பளம், பென்ஷன், ரயிலில் இலவசப் பயணம் என்று எல்லாம் வந்த பிறகு பெண்டாட்டி கொழுந்தெடுக்க மலைக்குப் போவது சரியில்லை என்று சிவசாமி நினைத்தான். ராக்காயிக்கும் மறுப்பு இல்லை. தோட்டத்துப் பதிவில் தன் பேரை வெட்டச் சொல்லிவிட்டு, லீக்ஸ் போட ஒரு துண்டு நிலத்தைக் கொத்திக்கொண்டு கேட்டடியிலேயே இருந்துவிட்டாள்.

கேட்டுக்கு அப்போது இரண்டு காவலர்கள். பகல் முறையை ஒருவரும் இரவு முறையை ஒருவரும் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒருதரம் மாறிக்கொள்வார்கள். தொண்ணூற்றைந்தில் மற்றக் காவலர் ஓய்வு பெற்றுப் போனார். அவருடைய இடத்துக்கு ஆள் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ஆள் வருகிறவரை இரண்டு முறையையும் நீயே பார் என்று சிவசாமிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஓவர்டைம் கிடைக்கும் என்றதும் அவன் ஒப்புக்கொண்டான்.

பகலும் இரவும் ஒருவனே விழித்திருக்க முடியாது என்பது உத்தரவு போட்டவர்களுக்கும் தெரியும், சிவசாமிக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. சிவசாமி இரவில் கேட்டைப் பார்த்தான். பகலில் அவன் தூங்க, ராக்காயி பார்த்தாள்.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து வருஷமாகக் கண்ணெதிரே நடந்த வேலைதானே. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து டெலிபோன் அடித்தால் எடுத்து, வருகிற வண்டியின் பேரைக் கேட்டு, “ஹரி மாத்தயா”, சரி ஐயா, என்று சிங்களத்தில் சொல்லி வைக்க வேண்டும். பிறகு கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றித் தடுப்பு மரத்தை இறக்க வேண்டும். சிவப்புக் கொடியை ரோட்டுப் பக்கமும் பச்சைக் கொடியைப் பாதைப் பக்கமும் காட்ட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு அவள் குரல் பழகிவிட்டது. ஒருவர் மட்டும் ஆரம்பத்தில், சிவசாமி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். கக்கூஸுக்குப் போயிருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஹட்டனில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்த முத்துலிங்கம் ஒருநாள் சிவசாமியின் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, உன்னை நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்றார். அவர் விளக்கியது இதுதான். கேட் வேலையை இடையிடையே செய்கிற வேலை என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வண்டி வருகிற நேரம்தான் வேலை, மற்ற நேரமெல்லாம் ஓய்வு என்பது கணக்கு. அதனால் நாள் முழுக்கக் கேட்டடியில் கிடந்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஓவர்டைம். இதையே தொடர்ந்து செய்கிற வேலை என்று மாற்றச் செய்துவிட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்வதெல்லாம் ஓவர்டைம்தான். அதுவும் ஒன்றரை மடங்கு. சிவசாமிக்குப் பாதிதான் புரிந்தது. முத்துலிங்கமே மனு எழுதினார். சிவசாமி கையெழுத்துப் போட்டான்.

ராக்காயிக்கு மனுவில் எழுதியிருந்த ஒன்று மட்டும் மனதில் தங்கியது. மூணாங்கட்டை கேட்டில் இரவு பகலாக இடைவிடாமல் வேலை இருக்கிறது, அதை ஒரே ஆள் செய்கிறான் என்று அதில் இருந்தது. முத்துலிங்கம் வாசித்துக் காட்டியபோது அவள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மனு எங்கெங்கோ சுற்றிவிட்டு, வேலையை நேரில் பார்த்து அறிக்கை தர ஓர் அதிகாரி வருகிறார் என்ற பதிலாகத் திரும்பியது. வந்தவர் பரமலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கம்பளி மப்ளர். ஹட்டனில் அறை எடுத்துத் தங்கி, மூன்று நாள் கேட்டடியில் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. மடக்குநாற்காலி ஒன்றையும் குடையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரவில் நடப்பதை டெலிபோன் பதிவிலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் வருவதற்கு முதல்நாள் சிவசாமி ராக்காயியைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னான்.

“இந்தா புள்ள, அந்தாளு இருக்கிற மூணு நாளைக்கும் கேட்டுப் பக்கம் வந்துறாத. வெளியாளு கேட்டத் தொட்டா வேலையே போயிரும். நான் முழிச்சிக்கிட்டுக் கெடந்து சமாளிச்சிக்கிறேன்.”

அவள் சரி என்றாள். வெளியாள் என்ற சொல்லை அவன் சட்டத்தில் உள்ளபடிதான் சொன்னான். அதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சொல் அன்று முழுக்கக் கூடவே இருந்தது.

முதல்நாள் நல்லபடி போனது. இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு இரண்டாம்நாள் காலையில் சிவசாமி முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். மத்தியானத்துக்குப் பிறகு மலையிலிருந்து மூட்டம் இறங்கியது, தூறலும் பிடித்தது. சோற்றைத் தின்ற கையோடு அவன் தலை சுவரில் சாய்ந்தது.

ராக்காயி குசினி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தது. இப்போது எடுப்பான் என்று சுளகை நிறுத்திக் காத்திருந்தாள். மறுபடி அடித்தது. பரமலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “சிவசாமி” என்று ஒருதரம் கூப்பிட்டார். சிவசாமி அசையவில்லை. பார்க்க வந்தவர் டெலிபோனைத் தொடக்கூடாது. அவர் கையை மடியில் வைத்தபடி இருந்தார். மேலே வளைவில் உர லாரி ஒன்று இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

அவள் சுளகைக் கீழே வைத்தாள். முற்றத்தைக் கடந்து, பரமலிங்கத்தின் முழங்காலை உரசாத குறையாக நடந்து, டெலிபோனை எடுத்தாள். ஹரி மாத்தயா என்றாள். இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினாள். மரம் இறங்கவும் லாரி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான். அது அவன் வழக்கம். ரயில் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. பச்சைக் கொடியோடு நின்றவளைப் பார்த்துக் கடைசிப் பெட்டியிலிருந்து கார்ட் கையசைத்தார். அதுவும் வழக்கம்தான். பரமலிங்கம் அந்தக் கையசைப்பைப் பார்த்தார்.

மரத்தை உயர்த்திவிட்டு அவள் திரும்பும்போது சிவசாமி விழித்துக்கொண்டு எழுந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“எவ்வளவு காலமா இதைச் செய்யிறியள்?” என்று பரமலிங்கம் அவளிடம் கேட்டார்.

“எதைங்க ஐயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிவசாமியை உட்காரச் சொன்னார். காவலன் தூங்கினான் என்று எழுதினாலும், வெளியாள் கேட்டை இயக்கினார் என்று எழுதினாலும் சிவசாமிக்கு வேலை போய்விடும், அவை இரண்டையும் எழுதத் தனக்கு விருப்பமில்லை என்று சாவதானமாகச் சொன்னார்.

“இஞ்ச ஓய்வு எண்டு ஒண்டும் இல்லை. அதை எழுதுவன். ஒராளாலை இதைச் செய்யேலாது எண்டும் எழுதுவன். அது உண்மைதானே.”

சிவசாமி கும்பிட்டான். தன் மனு வென்றுவிட்டது என்றே அவன் நினைத்தான்.

ராக்காயி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். “அப்ப ரெண்டாவது ஆளுன்னு யாரங்க எழுதுவீங்க?” என்று கேட்டாள்.

பரமலிங்கம் மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டார். “வெற்றிடம் எண்டுதான் எழுதலாம், தங்கச்சி,” என்றார்.

மூன்றாம்நாள் அவர் வரவில்லை. பார்த்தது போதும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

அவர் சொன்னபடியே எழுதினார் என்பது பல மாதம் கழித்துத் தெரிந்தது. கேட் வேலை தொடர்ந்து செய்கிற வேலை என்று மாற்றப்பட்டது. அதே உத்தரவின் கீழ்ப்பாதியில் இரண்டாவது காவலராக ரன்பண்டா என்பவரை நியமித்திருந்தார்கள். இனி ஆளுக்கு எட்டு மணி நேரம். இடையில் மிஞ்சுவதை ஹட்டனிலிருந்து வந்துபோகிற ஒருவர் பார்ப்பார். எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஆகவே ஓவர்டைமுக்கும் இடமில்லை. நியமிக்கப்பட்டவர்கள் தவிர வேறு எவரும் கேட்டைத் தொடக்கூடாது என்ற அறிவித்தலும் டெலிபோனுக்கு மேலே ஒட்டப்பட்டது.

சிவசாமிக்கு மனு வென்றுகொடுத்த ஒன்றரை மடங்கு ஒரு மாதம்கூடக் கைக்கு வரவில்லை. வெறும் அடிப்படைச் சம்பளம்தான். முத்துலிங்கத்தைத் திட்டினான், பரமலிங்கத்தைத் திட்டினான். கடைசியில், நீ அன்றைக்குச் சும்மா கிடந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்று ராக்காயியிடம் வந்து நின்றான்.

“லாரி டிரைவருக்கும் புள்ளகுட்டி இருக்குங்க,” என்றாள் அவள். ஒரு வாரம்போல இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ரன்பண்டா பொல்பிட்டியப் பக்கத்துப் பையன், சாதுவானவன். கேட்டடிக் குடிசையில் படுத்துக்கொண்டு, ராக்காயியிடம் காசு கொடுத்து இரண்டு வேளை சாப்பிட்டான். கறியில் உறைப்புப் போதாது என்று அவன் முறையிடுவதைத் தவிர அவனால் வேறு தொந்தரவு இல்லை. டெலிபோன் அடித்தால் ராக்காயி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். பாதி முற்றம் வந்த பிறகுதான், ரன்பண்டா எடுத்துவிட்டது தெரியும். அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. அது தன் வேலை என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. யாரும் கொடுக்காத ஒன்று போனதற்கு என்னவென்று வருத்தப்படுவது என்று அவளுக்கே விளங்கவில்லை.

வீட்டில் இழுபறி. மகள் நிலக்ஷி ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தாள். ராக்காயி கீழ்ப்பிரிவுக் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டாள். வெட்டின பேரைத் திரும்பப் பதிவது லேசில்லை, முதலில் கைக்காசுக்குக் கொழுந்து எடு, பார்க்கலாம் என்றார் அவர். எடுத்த கிலோவுக்குக் கையில் காசு, வேறு ஒரு சலுகையும் இல்லை. முப்பத்தெட்டு வயதில் மறுபடி கூடை மாட்டினாள். முதல் மாதம் விரல் ஓடவில்லை. கூட வந்தவர்கள் நிரையை முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் நடுவில் நிற்பாள். காளியாயி என்ற பழைய கூட்டாளி தன் நிரையை முடித்துவிட்டு வந்து, ஒரு பேச்சும் பேசாமல் அவள் நிரையில் பாதியை எடுத்துக் கொடுப்பாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது சில நாள் கேட் மூடியிருக்கும். ராக்காயி மற்றப் பெண்களோடு மரத்துக்கு அந்தப்பக்கம் நின்றாள். அங்கிருந்து பார்க்க ரயில் பெரிதாகத் தெரிந்தது. கார்ட் ஒருவர் அவளை அடையாளம் கண்டு கையை உயர்த்தினார். கூடைகளுக்கு நடுவில் நின்ற அவள், தனக்கா வேறு யாருக்கா என்று தெரியாமல் கையை உயர்த்தாது நின்றாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் பேரைப் பதிந்தார்கள். சேமலாப நிதியும் பிடிக்கத் தொடங்கினார்கள். அவளுக்கென்று ஒரு சம்பளச் சீட்டு வந்தது. சிவசாமிக்கு எட்டு மணி நேரம் போக மிச்சப் பொழுதெல்லாம் கையில் இருந்தது. ஆரம்பத்தில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு லீக்ஸ் பாத்தியில் இறங்கினான். ராக்காயி மலையிலிருந்து வர நேரமாவதால் சோறு வடிக்கப் பழகினான், குழம்பும் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்து எழும்பியது கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான். கோபம் எந்த நாளில் தீர்ந்தது என்றும் ராக்காயிக்கு நினைவில்லை.

நிலக்ஷி படித்து முடித்துக் கொழும்பில் தையல் தொழிற்சாலையொன்றில் சேர்ந்தாள். லீவில் வந்தபோது, ராத்திரி ஓ.டி. இருக்கிறது, செய்யட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். சிவசாமி வெகுநேரம் யோசித்தான். “ஒங்கம்மாகிட்ட கேளு,” என்றான். தூக்கம் கெடாமல் செய்ய முடிந்தால் செய் என்றாள் ராக்காயி.

இரண்டாயிரத்தெட்டில் சிவசாமிக்கு அறுபது வயதாகி வேலை முடிந்தது. பென்ஷன் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் போட்டார்கள். இரண்டு வருஷம் பார்த்த ஓவர்டைம் அதில் எங்கேயும் இல்லை. கேட்டடி வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்தது. போக இடமில்லை. ஹட்டனில் வாடகைக்குப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் ராக்காயி தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைப் போய்ப் பார்த்தாள். தான் பதிந்த தொழிலாளி என்றும் இருக்க வீடில்லை என்றும் சொன்னாள். கீழ்ப்பிரிவு லயத்தில் கடைசிக் காம்பரா ஆளில்லாமல் கிடந்தது. கூரையைத் தாங்களே பார்த்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களை இறக்கினார்கள். ரன்பண்டா தன் முறை முடிந்ததும் வந்து அலுமாரியை ஒரு பக்கம் பிடித்தான். சிவசாமி கூரைத் தகரத்தை மாற்றி, ஒழுக்கை அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். பென்ஷன் எடுக்க மாதம் ஒருநாள் ஹட்டனுக்குப் போய்வருவான். மற்ற நாட்களில் ராக்காயி பெரட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைப்பான்.

லயத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவன் பேர் தெரியாது. ராக்காயி அக்கா வீட்டுக்காரர் என்பார்கள்.