ஓர் அட்சரம் குறைந்த மெட்டு

தக்சாயினிக்கு முப்பத்தெட்டு வயது. ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், நிலத்தில் சப்பணம் கட்டியிருந்து வயலின் படித்தவள். கலியாணத்துக்குப் பிறகு வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அதை மறுபடி இறக்க வைத்தது, கூட வேலை செய்யும் உல்ரிக்கே நடத்தும் அயர்லாந்து இசைக்குழு.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர், நூறு வருடத்துக்கு முந்திய இசைத்தட்டில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு மெட்டைக் காதால் கேட்டே எடுத்து வரவேண்டும். குழுவின் ஆட்டக்காரர்கள் அதற்கு ஆடினால் உள்ளே. இல்லையென்றால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

தக்சாயினி ஆறு கிழமையாகக் கைபேசியில் ஒரே பதிவைக் கேட்டாள். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு பிடில்காரர் ஒரு மெட்டை மூன்று சுற்று வாசித்தார். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். முதற்சுற்றின் நடுவில் ஓர் அட்சரம், அதாவது தாளத்தில் ஒரு தட்டு, குறைந்தது; மற்ற இரண்டும் கணக்காக நின்றன. மனுசன் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று வியந்து, அப்படியே பாடமாக்கினாள்.

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் எட்டுப் பேரின் கால்களும் இடறின. ஒருவர் கதிரையில் மோதி நின்றார்.

"அடுத்த புதன் இன்னொருமுறை பார்ப்போம். அதுதான் கடைசி," என்றாள் உல்ரிக்கே.

வீட்டில் அந்தப் பதிவைப் போட்டபோது, கணவன் துவாரகன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவன். சங்கீதத்துக்கும் அவனுக்கும் காததூரம்.

"நீர் சொன்ன அந்த இடத்தில டக்கெண்டு ஒரு சத்தம் கேக்குதெல்லே?" என்றான்.

"பழைய ரெக்கோட். அப்பிடித்தான் கேக்கும்."

"மற்றச் சுற்றுகளில கேக்கேல்லையே. தட்டில கீறல். அதில ஊசி பாஞ்சிருக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ. அவர் எவ்வளவு பெரிய வித்துவான்!"

"வித்துவான்தான், ஆர் இல்லையெண்டது? நீர் பாடமாக்கினது கீறலை."

அவள் கோபத்தோடு அறைக்குள் போய்த் திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டாம் சுற்றில் அதே இடத்தில் நாலு சின்னச் சுரங்கள் இருந்தன. முதற்சுற்றில் அந்தச் சத்தம் அவற்றை விழுங்கியிருந்தது.

புதன்கிழமை நாலையும் சேர்த்து வாசித்தாள். ஒரு காலும் இடறவில்லை. உல்ரிக்கே ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சித் தாளில் அவளுடைய பெயரை எழுதினாள்.

"சரிவந்துதோ?" என்று வாசலிலேயே கேட்டான் துவாரகன்.

"ஓம், எடுத்திட்டினம்." சப்பாத்தைக் கழற்றினாள். "ஆனா எனக்கு முந்தினதுதான் பிடிச்சது."

"அப்ப அதை வீட்டில வாசியுமன். இஞ்ச ஆர் ஆடப்போறது?"