புதன்கிழமை பஸ்

கண்ணில் சத்திரசிகிச்சை செய்த டாக்குத்தர் ஒரு மாதத்துக்கு மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில், அது இல்லாவிட்டால் கடைக்கும் போக வழியில்லை. கூட்டில் அடைத்த கோழி மாதிரிக் கிடக்கிறேன். நேற்றுப் பொறுக்க முடியாமல் சந்திவரை நடந்து, பஸ் தரிப்பிடத்தில் போய்க் குந்தினேன். உள்ளே ஆட்டுப்புழுக்கை நாற்றம். சுவரில் மங்கிய நீலத்தில் பஸ் நேரங்கள். எழுத்து என்னுடையது.

பெயிண்ட் மணம் பட்டால் இன்றும் அந்த நாட்கள்தான் வரும். அப்போது நான் பிரதேச சபையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்த புது லிகிதர். ஆளில்லாமல் ஓடும் பஸ்ஸை நிறுத்தப்போவதாக டிப்போவிலிருந்து கடிதம் வந்திருந்தது. சனத்தை எப்படியும் பஸ்ஸில் ஏற்றுவதென்று சபை கங்கணம் கட்டியது. தரிப்பிடம் கட்டினோம். ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகப் போய், பஸ்ஸில் ஏறுங்கள் என்று கெஞ்சினோம். போனது மோட்டார் சைக்கிளில் என்பதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். கடைசியில், புதன்கிழமைகளில் உத்தியோகத்தர் எல்லோரும் பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று தவிசாளர் உத்தரவு போட்டார். புதன்கிழமை பஸ் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் தவமணியக்காவும் இரண்டொரு கிழவர்களும்தான்.

தவமணியக்கா எங்கள் சபையின் வாசிகசாலையைப் பொறுப்பாகப் பார்த்தவர். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அந்த பஸ்ஸை நம்பித்தான் வேலை. என் பின்னால் ஏறி வரலாமே என்று ஒருநாள் பெருந்தன்மையோடு கேட்டேன். ஊர் வாய் சும்மா இருக்காது என்று மறுத்துவிட்டார்.

"ஒங்கட மோட்டார் சைக்கிள்ல நான் ஏற ஏலா, தம்பி. நீங்க பஸ்ஸில ஏறினாத்தான் எனக்கு பஸ்."

ஓம் என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். புது வண்டி, விட மனம் வரவில்லை.

டிப்போக்காரர் ஆள் எண்ண வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று காலை வயல்வட்டைக்கு நடுவே அதே பஸ்ஸை முந்திக்கொண்டு போனேன். யன்னலோரம் தவமணியக்கா. என்னைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்தார். அந்த மாதத்தோடு பஸ் நின்றது. அவருடைய விலகல் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நேற்று ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன். மோட்டார் சைக்கிள்கள் பறந்தன, ஒன்றும் நிற்கவில்லை. புதுக் கண்ணுக்கு என் எழுத்து நன்றாகவே தெரிந்தது: காலை ஆறு நாற்பது. இப்போது வியாழக்கிழமையும் ஏற நான் தயார். பஸ் இல்லை. யன்னலோரத்தில் தவமணியக்காவும் இல்லை.