வெற்றிலை போடாத வியாழன்

கொரோனா காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்கு முன் எல்லாரும் எச்சில் துப்ப வேண்டும். திங்களும் வியாழனும் கட்டாயம். ஆளுக்கொரு சின்னக் குழாயைக் கொடுத்துவிட்டு, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி காத்திருப்பார். சோதனைப் பட்டையில் ஒரு கோடு வந்தால் கொழுந்தெடுக்கப் போகலாம். இரண்டு வந்தால் தனிமை.

எனக்கு ஒன்றும் வராது, இரண்டும் வராது. பட்டை முழுக்கச் சிவந்து கிடக்கும். அந்தக் குளிரில் வெற்றிலை போடாமல் எனக்குக் கால் நடக்காது. சோதனைக்கு அரை மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது என்று சொல்லித்தான் இருந்தார்கள். சொன்னால் கேட்கிற ஆளா நான்?

"அக்கா, இது டெஸ்ட்டா, குங்குமமா லா? வாயக் கழுவிட்டு அரை மணி நேரம் கழிச்சு மறுபடி துப்புங்க" என்பார் கிராணி. தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக மலைக்கு நழுவிவிடுவேன்.

அப்போது என் நாத்தனார் எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் கணவர் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுபவர், நாளுக்கு ஒரு ஊர். அதனால் பிரசவம்வரை அவளை எங்களிடம் விட்டிருந்தார். ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை, எட்டு மாதம்.

ஒரு திங்கட்கிழமை மாலை, "அண்ணி, டெஸ்ட் என்னாச்சு?" என்றாள்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"உங்களுக்கு ஒன்னும் இல்ல அண்ணி. எனக்குத்தான் பயமா இருக்கு."

வந்ததே எனக்குக் கோபம்! நான் என்ன, வீட்டுக்கு நோயைச் சுமந்து வருகிறவளா? அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். சாப்பாட்டைக்கூடத் தனியாகப் பின்பக்கம் எடுத்துப் போய்ச் சாப்பிட்டேன். வியாழக்கிழமை வெற்றிலைப் பையைத் தொடவே இல்லை. ஒற்றைக் கோட்டைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று வீம்பு.

இரண்டு கோடு வந்தது.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இரண்டு நாளாக அவள் பக்கத்தில் போகாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கெட்ட குணம் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்திக்கு நல்லது செய்திருக்கிறது.

பிள்ளைகள் வராமல் மூடிக் கிடந்த ஆயாக்கொட்டகையில் என்னைத் தங்கவைத்தார்கள். அடுத்த திங்கள் சோதனையில், என் கூட்டத்திலிருந்து இன்னொருத்தி மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நாத்தனார் ஒருநாள் விட்டு ஒருநாள் வெளியே சாலையில் நின்று தன் சோதனைப் பட்டையைத் தூக்கிக் காட்டுவாள். "ஒன்னுதான் அண்ணி!" அவள் போன பிறகு உட்கார்ந்து அழுவேன்.

மறு மாதம் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் நாத்தனார், "பிடிங்க அண்ணி" என்று குழந்தையை நீட்டினாள்.

"இரு" என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுத்தேன்.

"நான் கேக்கவே இல்லையே!"

"நீ கேக்க வேணாம்."

பதினைந்து நிமிடம் இருவரும் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு. கையை நீட்டினேன்.