ரத்னாபாய் திறந்த வழி

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் ரத்னாபாயும் கணவர் சத்தியதாஸும் இருந்தார்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தம்பானூரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுவது அவள் வேலை. காலையில் அவரைத் துடைத்து, உடுத்தி, தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினால் மாலைவரை மனசு வீட்டிலேயே கிடக்கும்.

2008-இல் துபாயிலிருந்து வந்த தம்பி ஒரு கேமரா தந்தான். கம்ப்யூட்டரிலிருந்து சொன்னால் தலையைத் திருப்பிப் பார்க்கிற கேமரா. வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் தெரிந்தது, ஆபீசில் தெரியவில்லை.

"சேச்சி, கேமராவோட அட்ரஸ் வீட்டுக்குள்ளதான் செல்லும். வெளியே இருந்து வர்றவங்கள அதுகிட்ட அனுப்பச் சொல்லி மோடத்துல செட் பண்ணணும்" என்றாள், கூட வேலை பார்த்த ஷிஜா.

இரண்டு ஞாயிறு சர்ச்சுக்குக்கூடப் போகாமல் ரத்னாபாய் மோடத்தின் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டினாள். ஒருமுறை நெட்டே போய்விட்டது. கடைசியில் எப்படியோ, வெளியே இருந்து வருபவர்களைக் கேமராவுக்கு அனுப்பும் வரியைச் சேர்த்தாள். திங்கட்கிழமை ஆபீஸ் திரையில் சத்தியதாஸ் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை அவர் சிரித்தார். "இன்னைக்கு உனக்கு வேலையே இல்லியாட்டி? உச்சைக்கு கேமராவ என் பக்கமாத் திருப்பிட்டே இருந்தியே. நான் கையக் காட்டினேன், பாத்தியா?"

அன்று மதியம் ஆபீசில் கரண்டே இல்லை.

"பாத்தேன்" என்றாள்.

அடுக்களைக்குள் போய் ஷிஜாவுக்கு போன் செய்தாள்.

"சேச்சி, கேமராவோட பாஸ்வேர்ட மாத்தினீங்கதானே?"

"அதையும் மாத்தணுமா?"

"அய்யோ! பெட்டியோட வர்ற பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும் சேச்சி. நீங்க திறந்த வழில யாரு வேணும்னாலும் வரலாமே."

அவரைத் துடைத்தது, துணி மாற்றியது, மலம் எடுத்தது, எல்லாம் அந்தக் கேமராவுக்கு முன்னால்தான். யார், எத்தனை நாளாக? தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வரியை அழித்தாள். கேமராவின் வயரைப் பிடுங்கினாள்.

"எதுக்குட்டி எடுக்கே?"

பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ நான் கை காட்டினது யாருக்கு?"

பாஸ்வேர்ட் மாற்றித் திரும்ப வைக்கலாம் என்று ஷிஜா சொன்னாள். சத்தியதாஸ் சம்மதிக்கவில்லை. பிறகு ரத்னாபாய் ஆபீசிலிருந்து பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் வீட்டுக்கு போன் செய்தாள். புரண்டு, கையை நீட்டி ரிசீவரை எடுக்க அவருக்கு நேரமாகும். அதுவரை அவள் மணிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பாள்.