ரமேஷ்பாபு பார்த்த வண்டி

செத்துப்போன மனுஷனைத் தேடி வந்து சண்டை பிடித்தவர் யாராவது உண்டா? மட்டாஞ்சேரியில் ஒருவர் வந்தார். ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கொச்சங்காடிச் சந்தில் தன் ஒற்றை அறைக்கு வெளியே கட்டிய கொடியில் செல்வலட்சுமி புருஷனுடைய நீலச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாராவாரம் போடுவாள். அழுக்கே இல்லாத சட்டை. இரண்டு வருஷமாக அதை யாரும் உடுத்தவில்லை. தண்ணீர் பட்டுப் பட்டே காலர் வெளுத்திருந்தது.

வந்தவர் பேர் யூசுப். டாக்சி ஓட்டுகிறவர், நாலு வருஷம் துபாயில் இருந்துவிட்டு அண்மையில்தான் திரும்பியிருந்தவர், கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

“சேச்சி, ரமேஷ்பாபு சேட்டன் உள்ளே உண்டா?”

“வேலைக்குப் போயிருக்காரு,” என்றாள் செல்வலட்சுமி. பல் தேய்ப்பதுபோலப் பழகிப்போன பொய்.

“ஞாயித்துக்கிழமையுமா? கொள்ளாம், நல்லாருக்கு. வந்தா சொல்லுங்க. முன்னாடி அவரு பார்த்த வண்டின்னா நான் பில்லே பாக்க மாட்டேன். இப்ப வாட்டர் பம்ப் மாத்தினதுக்கு ஒம்பதாயிரத்து நானூறு போட்டிருக்காரு. பழைய பம்ப் மேல என்னடான்னா வேற விலை எழுதி டிக்கியில வெச்சிருக்காரு. இது எந்த ஊர் நியாயம்? நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அவரு முகத்தைப் பார்த்தே கேக்கப் போறேன்.”

பில்லை நீட்டினார். அடியில் ‘வேலை செய்தவர்: ரமேஷ்பாபு’ என்று மலையாளத்தில் அச்சாகியிருந்தது. அந்தப் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். துருவேறிய பம்ப். அதன் மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவில் 2750, கூலி 700 என்று இருந்தது. ஏழுக்கு வயிற்றில் குறுக்கே ஒரு கோடு.

அந்தக் கோடு அவள் புருஷன் போடுவது. கல்யாணமான புதிதில், “ஏழுக்கு எதுக்குங்க அரைஞாண்?” என்று அவளே கேலி செய்திருக்கிறாள். எழுதியவரைச் சாத்தூர் சுடுகாட்டில் எரித்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. பெயின்டோ நேற்று வைத்ததுபோலப் பளபளத்தது.

ரமேஷ்பாபு அந்த ஒர்க்‌ஷாப்பில் பதினாலு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். கழற்றிய பழைய சாமானைக் குப்பையில் போடமாட்டார். அதன் மேலேயே புதியதன் விலையையும் தன் கூலியையும் எழுதி, தாளில் சுற்றி, வண்டிக்காரர் கையில் கொடுப்பார். “பழசு உங்ககிட்ட இருக்கட்டும், புதுசு வண்டியில இருக்கு,” என்பார். எந்தக் கடையில் வேண்டுமானாலும் கொண்டுபோய் விசாரித்துக்கொள்ளலாம். முதலாளிக்கு இந்தப் பழக்கம் வேப்பங்காயாகக் கசந்தது. ஆனாலும் அந்த மெக்கானிக்குக்காகவே வண்டிகள் வந்தன. கசப்பை முழுங்கிக்கொண்டு கல்லாவைப் பார்த்தார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. ஒரே நாளில் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடித்து அவள் கொச்சிக்குத் திரும்பியபோது ஒர்க்‌ஷாப்பின் கணக்குப்பிள்ளை சாய்கிருஷ்ணா வீட்டுக்கு வந்தார். இந்த ஊரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், நயமான பேச்சு.

“சேச்சி, இன்சூரன்ஸ்காரா வண்டி அனுப்பணும்னா சர்டிபிகேட் உள்ள மெக்கானிக் ஒருத்தர் பேரு ரெஜிஸ்தர்ல இருக்கணும். அது சேட்டனுக்கு மட்டும்தான் இருந்தது. மரணம் சாத்தூர்ல பதிஞ்சாச்சு, இங்க யாருக்குத் தெரியப்போறது? பேரு கெடக்கட்டும். மாசம் அஞ்சாயிரம் உங்க கையில வரும். ஆறு மாசம் கழிஞ்சு முடிச்சுக்கலாம்.”

பாவி மகள் தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? மூட்டை மூட்டையாகச் சுக்கு அடுக்கிய கிட்டங்கியில் நாள் முழுக்கப் புடைத்தால் வருவது வாடகைக்கும் வயிற்றுக்கும் சரி. மகள் மகா மதுரையில் நர்சிங் படிக்கிறாள், அவளுடைய விடுதிக் கட்டணத்துக்கு அந்த ஐயாயிரம்தான். பழைய அக்கம்பக்கம் துக்கம் கேட்டுவிடும் என்று கொச்சங்காடிக்கு வீடு மாறினாள். கழுத்துத் தாலியைக் கழற்றவில்லை. கொடியில் சட்டையைத் தொங்கவிட்டாள். ஆறு மாதம் இரண்டு வருஷமாயிற்று.

அவர் கைப்பேசியை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தாள். மாதம் பிறந்தால் அவர் கணக்கில் சம்பளம் ஏறிய தகவல் வரும்; ஏ.டி.எம். அட்டை சாய்கிருஷ்ணாவிடம், ஐயாயிரம் மட்டும் அவள் கைக்கு. பிறகு பி.எஃப். பணம் சேர்ந்த தகவல். ஒவ்வொரு ஜனவரியிலும் வருமான வரிக்கான காகிதம் ஒன்று வரும். இந்த வருஷம் என்ன சேமித்தாய், எவ்வளவு வாடகை கொடுத்தாய் என்று வேலைக்காரனே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியது. சாய்கிருஷ்ணா வீட்டுக்கே கொண்டுவருவார். “இங்க ஒரு ஒப்பு போட்டா மதி, அது போதும் சேச்சி,” என்பார். அவள் புருஷன் கையெழுத்தைப் போடுவாள். முதல் வருஷம் கை நடுங்கியது. மறு வருஷம் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதைவிடப் பயம் இன்னொன்று: அந்தத் தகவல் மணி அடிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ ஒரு இடத்தில் மனுஷன் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்புவாள்.

இப்போது அவர் எழுத்தும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். பைக்குள் அந்தக் கைப்பேசி, சாத்தூர் நகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழ். சான்றிதழை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் போன பிறகு அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. பின்பக்கத்து வழியாக நுழைந்தாள். உள்ளே நாலைந்து வண்டிகள், கிரீஸ் வாடை, யாரோ ஸ்பானரைத் தட்டும் சத்தம்.

முன்னறையிலிருந்து சாய்கிருஷ்ணாவின் குரல் வந்தது. “ரமேஷ்பாபு!”

“ஓய்,” என்று வெள்ளைக் கார் ஒன்றின் அடியிலிருந்து பதில் வந்தது.

செல்வலட்சுமி அப்படியே நின்றாள். காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நீலக் கால்சட்டை, வெடித்த குதிகால். ஒரு கால் பெருவிரல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவரும் படுத்து வேலை செய்தால் அப்படித்தான் ஆட்டுவார். நல்ல பகல் பதினோரு மணிக்கு அவளுக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன.

பலகை உருண்டது. வெளியே வந்தது அவர் இல்லை. நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, சட்டைப் பையின் மேல் ‘ரமேஷ்பாபு’ என்று நூலில் தைத்த பெயர். அவர் சட்டைதான், கம்பெனி கொடுத்தது.

“யாரு வேணும்க்கா?”

“நான் இந்தச் சட்டைக்காரர் சம்சாரம்.”

அவன் எழுந்து நின்ற வேகத்தில் ஸ்பானர் கீழே விழுந்தது.

“என் பேரு பிச்சைக்கா. தேனிப் பக்கம். எனக்குச் சர்டிபிகேட் கெடையாது. அவரு பேர்ல நின்னா பதிமூணாயிரம் தர்றேன்னாங்க. குடும்பம் இருக்கு, நின்னுட்டேன்.”

“பழைய சாமான்ல விலை எழுதுறது யாரு?”

பிச்சை, அவர் விட்டுப்போன டூல்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினான். மூடியின் உட்புறம் முழுக்க மஞ்சள் எழுத்து. வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ என்று வரிசையாகச் சாமான்களும் விலையும் கூலியும். ஏழுக்கெல்லாம் அரைஞாண்.

“எனக்கு எழுதப் படிக்க வராதுக்கா. சாமான் படத்தைப் பக்கத்துல அவரே போட்டிருக்காரு. அதைப் பாத்து எழுத்தை அப்படியே வரைவேன். வந்த புதுசுல எழுதாமத்தான் இருந்தேன். ‘ரமேஷ்பாபு’ன்னு கூப்பிட்டு நான் ஓய்னு சொன்னா, பின்னாடி இன்னொருத்தரும் ஓய்னு சொல்ற மாதிரி இருக்கும். திரும்பிப் பாத்தா ஆள் இருக்காது. சோறு எறங்கல. எழுத ஆரம்பிச்ச பெறவு அது நின்னுபோச்சு. முதலாளி பில்லுல என்ன போடுறாருன்னு எனக்குத் தெரியாது. நான் எழுதி டிக்கியில வெச்சிருவேன்.”

அவள் மூடியிலிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு சொல்லட்டாக்கா?” பிச்சையின் குரல் தாழ்ந்தது. “இப்பப் பின்னாடி யாரும் நிக்கிறதில்ல. ஆனா போன மாசம் ஊருக்குப் போனேன். எங்கம்மா பிச்சைன்னு கூப்பிடுறா, வேற யாரையோ கூப்பிடுறான்னு நான் பேசாம உக்காந்திருக்கேன். மூணு தடவை கூப்பிட்டு முதுகுல அடிச்சா. எனக்குப் பயமா இருக்குக்கா.”

கொடியில் காயும் அந்த நீலச் சட்டை அவள் நினைவுக்கு வந்தது. உடுத்த ஆளில்லாத சட்டை அங்கே, சட்டைக்குள் காணாமல் போகிற ஆள் இங்கே. அவர் பேரை வைத்துக்கொண்டு ஊரைக் கொள்ளையடிக்கிறார்கள், அந்தக் கொள்ளையில் மாதம் ஐயாயிரம் நானும் தின்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முன்னறையில் யூசுப்பின் குரல் உயர்ந்தது. “சேட்டனை வெளியே விளிக்கு. நேராச் சொல்லட்டும்.” செல்வலட்சுமி உள்ளே போனாள். பில்லோடு இன்னும் மூன்று பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். சாய்கிருஷ்ணா அவளைக் கண்டதும் முகம் மாறி, உடனே சிரித்து, மேசையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார்.

“நல்ல நேரத்துல வந்தேள், சேச்சி. வரிக் காகிதம். இன்னிக்குக் கடைசித் தேதி, ஒரு ஒப்பு.” பிறகு அவள் காதருகே குனிந்தார். “அடுத்த மாசத்துலேர்ந்து ஏழாயிரம் ஆக்கச் சொல்லியிருக்கார் முதலாளி.”

ஏழாயிரம். மகாவின் விடுதிப் பணம் போக இரண்டாயிரம் மிஞ்சும். பேனா அவள் விரலுக்கு வந்துவிட்டது. கையெழுத்தின் முதல் சுழி தானாகவே ஓடப்பார்த்தது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பையிலிருந்து சான்றிதழை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் விரித்தாள்.

“யூசுப் அண்ணே, நேத்து உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். என் வீட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷம் மூணு மாசமாச்சு. எனக்கும் இதுல பணம் வந்துச்சு. இந்த பில்லு எதுவும் அவரு போட்டதில்ல. பழைய பம்ப்ல இருக்கிறதுதான் அவரு கணக்கு.”

பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் தன் பில்லைத் திருப்பி அடியிலிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு சுட்டுவிட்டதுபோல அதைப் பெஞ்சின் மேல் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

சாய்கிருஷ்ணாவுக்கு வேர்த்துக் கொட்டியது. “சேச்சிக்குச் சுகமில்ல. அவரு உள்ளதான் இருக்கார், இப்பக் காட்டறேன்,” என்று கதவைத் திறந்து கத்தினார். “ரமேஷ்பாபு!”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக் காரின் அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பெருவிரல் ஆடவில்லை.

“ரமேஷ்பாபு! எடோ!”

பதில் இல்லை. செல்வலட்சுமி நடந்துபோய்க் காருக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“பிச்சை,” என்றாள்.

கால்கள் அசையவில்லை. இன்னொரு முறை, அவன் அம்மா கூப்பிடுவதுபோலச் சத்தமாகக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறவன் குரலில், அடியிலிருந்து பதில் வந்தது.

“என்னக்கா?”